ரிங்கிலிருந்து கேமரா முன்னால்: டேவ் பட்டிஸ்டா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டிஸ்டா யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

டேவிட் மைக்கேல் பட்டிஸ்டா. 1969 ஜனவரி 18 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தவர். அப்பா வழி பிலிப்பைன்ஸ், அம்மா வழி கிரேக்கம். அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யில் 6 முறை உலக சாம்பியன். அதன் பிறகு மார்வெலின் 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' படத்தில் டிராக்ஸ் ஆக வந்து உலகம் முழுக்கத் தெரிந்த நடிகர் ஆனார். நம் ஊரில் 2000களில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. டென் ஸ்போர்ட்ஸில் பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் டிரம்ப் கார்டில் அவர் எடையையும் பைசெப்ஸ் அளவையும் சொல்லி எதிராளியிடம் கார்டு பிடுங்கியிருப்பார்கள்.

அவர் பெயரை ஏன் இரண்டு விதமாக எழுதுகிறார்கள்?

அவருடைய குடும்பப் பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடுதலாக உண்டு. மல்யுத்த நிறுவனம் அதை எடுத்துவிட்டு மேடைப் பெயராக வைத்தது. படங்களின் டைட்டிலில் வருவது முழுக் குடும்பப் பெயர். பழைய மேட்ச் தேடுகிறவர்கள் மேடைப் பெயரிலும், படம் தேடுகிறவர்கள் குடும்பப் பெயரிலும் தேடினால் சரியாகக் கிடைக்கும்.

சின்ன வயது எப்படி இருந்தது?

வறுமை. வாஷிங்டனில் அவர் வளர்ந்த பகுதி கொலையும் திருட்டும் சாதாரணமாக நடக்கிற இடம். 13 வயதிலேயே கார் திருடத் தொடங்கியதாகவும், 17 வயதில் தனியாக வாழப் போனதாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பிறகு நைட் கிளப் வாசலில் பவுன்சர் வேலை, நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர் வேலை. கிளப்பில் நடந்த ஓர் அடிதடியில் கைதாகி, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். 30 வயதை நெருங்கும்போது பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்கக் காசில்லாமல் கூட வேலை பார்த்தவரிடம் கடன் கேட்க வேண்டி வந்தது. பாடிபில்டிங்தான் தன்னைக் காப்பாற்றியது என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த உடம்புதான் அடுத்த கதவைத் திறந்தது.

மல்யுத்தத்துக்கு 30 வயதில் வருவது சாத்தியமா?

சாத்தியம், ஆனால் ரொம்ப அரிது. பெரும்பாலானோர் 20, 22 வயதுக்குள் பயிற்சியைத் தொடங்கிவிடுவார்கள். விழுந்து எழுந்து பழகுவதற்கே ஓரிரண்டு வருஷம் ஆகும், அந்த வருஷங்களில் எலும்பும் தசைநாரும் இளசாக இருப்பது பெரிய அனுகூலம்.

பட்டிஸ்டா முதலில் போனது டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தின் பயிற்சிக் கூடமான பவர் பிளான்ட்டுக்கு. அங்கே பயிற்சியாளர் "உனக்கு இது வராது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். (அந்த நிறுவனத்தையே 2001 மார்ச்சில் போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்., அதாவது இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ., விலைக்கு வாங்கிவிட்டது.) அடுத்து அவர் சேர்ந்தது சமோவா மல்யுத்தக் குடும்பத்தைச் சேர்ந்த அஃபா அனோவாய் பென்சில்வேனியாவில் நடத்திய பள்ளி. 2000இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஒப்பந்தம் கிடைத்தது. கென்டக்கியின் லூயிவில் நகரில் இருந்த ஓஹியோ வேலி ரெஸ்லிங் என்ற சின்ன அமைப்பில் போட்டு வளர்த்தார்கள். அதே காலத்தில் அங்கே இருந்தவர்கள் ஜான் சீனா, ராண்டி ஆர்ட்டன், பிராக் லெஸ்னர். வயதில் மூத்தவர் பட்டிஸ்டா, அனுபவத்தில் இளையவர். லெவையதன் என்ற பெயரில் பேசாத அரக்கனாக அவரை இறக்கினார்கள். பேச்சு தேவைப்படாத வேஷம் என்பதால் அவருடைய கத்துக்குட்டித்தனம் வெளியே தெரியவில்லை.

பயிற்சிக் கூடத்தில் முதலில் என்ன சொல்லித் தருவார்கள்?

விழுவதற்கு. அதற்கு 'பம்ப்' என்று பெயர். டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங் 20 அடிக்கு 20 அடி. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், கடைசியாக இழுத்துக் கட்டிய கேன்வாஸ். மெத்தை மாதிரி இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை பலகையைத் தட்டிப் பார்த்தால் போதும்.

பின்பக்கமாக விழும் முறை இது. முதலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்த நிலையிலிருந்து பழகுவார்கள், பிறகு நின்றபடி, பிறகு யாராவது தூக்கிப் போட. தாடையை நெஞ்சோடு ஒட்டி வைத்துத் தொப்புளைப் பார்க்க வேண்டும். கைகள் உடம்பிலிருந்து சாய்வாக விலகி, உள்ளங்கையும் முன்கையும் தரையை அறைய வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படிய வேண்டும். படியும் நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும்.

தவறுவது எங்கே என்று பார்த்தால் எல்லாம் இயல்பான பயத்தில்தான். விழப்போகிறோம் என்றதும் கை தானாகப் பின்னால் ஊன்றும். மணிக்கட்டும் முழங்கையும் போகும். தாடை தூக்கிக்கொண்டால் பின்மண்டை பலகையில் அடிக்கும். இடுப்பு முதலில் பட்டால் வால் எலும்பு வாரக்கணக்கில் வலிக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு விழுந்தால் சில விநாடி மூச்சே வராது. 130 கிலோ உடம்போடு இதைப் பழகுவது 80 கிலோக்காரர் பழகுவதைவிடக் கடினம், ஏனென்றால் அதே உயரத்திலிருந்து விழுந்தாலும் வாங்குகிற அடி கூடுதல்.

அப்படியானால் சண்டை நிஜமா, நடிப்பா?

யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டது. விழுவது நிஜம், எடை நிஜம், காயம் நிஜம். நல்லவன் வேஷம் 'பேபிஃபேஸ்', கெட்டவன் வேஷம் 'ஹீல்'. அடி வாங்கியவர் வலியைக் காட்டுவதை 'செல் பண்ணுவது' என்பார்கள். எதிராளியைக் காயப்படுத்தாமல், காயப்பட்டது போலக் கூட்டத்தை நம்பவைப்பதுதான் இந்தத் தொழிலின் திறமை. "பொய்ச்சண்டை" என்று ஒதுக்கிவிட்டால் பட்டிஸ்டா பின்னாளில் நடிகரானது எப்படி என்பதற்கான பதிலும் கையைவிட்டுப் போய்விடும்.

பட்டிஸ்டா பாம் எப்படிப் போடுவது? அதில் ஆபத்து எங்கே?

மேட்சை முடிக்க அவர் போடும் பிடி அது: எதிராளியைத் தோள் உயரத்துக்குத் தூக்கி முதுகு படியப் போடும் பவர்பாம், அதை உட்கார்ந்தபடி போடுவார். கயிறுகளைப் பிடித்து உலுக்கி, கட்டைவிரலை உயர்த்தி அப்படியே கவிழ்த்துக் காட்டிய பிறகு போடுவார்.

எதிராளி குனிந்து நிற்க, அவர் தலை பட்டிஸ்டாவின் தொடைகளுக்கு நடுவே இருக்கும். பட்டிஸ்டா குனிந்து இடுப்பைச் சுற்றிக் கை கோத்துக்கொள்வார். தூக்கும் அதே நொடியில் எதிராளியும் குதிக்க வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு இது தெரியவே கூடாது. மேலே போனவர் தோளில் உட்கார்ந்த நிலைக்கு வருவார். ஒரு கணம் நிறுத்துவார்கள், கூட்டம் அப்போதுதான் கத்தும். பிறகு பட்டிஸ்டா முன்னோக்கிக் குதித்து உட்காருவார், எதிராளி அவர் கால்களுக்கு நடுவே மேல்முதுகு படிய விழுவார். உட்காரும்போது அதிர்வில் ஒரு பங்கைப் பட்டிஸ்டாவின் பின்புறமும் தொடையும் வாங்கிக்கொள்ளும். விழுந்த நிலையிலேயே எதிராளியின் தோளை அழுத்திப் பிடிக்க, நடுவர் மூன்று எண்ணி வெற்றியை அறிவிக்கவும் வசதி.

குதிப்பு அரை நொடி பிந்தினால் முழு எடையும் தூக்குகிறவர் கீழ்முதுகில் ஏறும். முழுசாக நிமிராமல் பாதி உயரத்திலிருந்து விழுந்தால் எதிராளியின் கழுத்து முதலில் தரையில் படும். வியர்வையில் கைப்பிடி நழுவுவதும் நடக்கும். கயிற்றுக்குப் பக்கத்தில் போட்டால் இன்னும் மோசம்: 2005 ஜனவரி 30 ராயல் ரம்பிள் (பலர் மோதி, கயிற்றுக்கு மேலாக வெளியே விழுந்தவர் அவுட் ஆகும் போட்டி) கடைசியில் சீனாவுக்கு இதைப் போடப்போய், இரண்டு பேருமே கயிற்றைத் தாண்டி ஒரே நொடியில் தரையில் விழுந்தார்கள். யார் ஜெயித்தது என்று நடுவர்கள் வாக்குவாதம் செய்ய, நிறுவன முதலாளி வின்ஸ் மெக்மஹன் ஓடி வந்து ரிங்குக்குள் நுழைந்ததில் அவருடைய இரண்டு தொடைத் தசைகளும் கிழிந்தன. எழ முடியாமல் ரிங்கில் உட்கார்ந்தபடியே அவர் கத்தியதை அன்று நேரலையில் எல்லோரும் பார்த்தார்கள். ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி, பட்டிஸ்டா ஜெயித்தார்.

அவர் பெரிய ஆளானது எந்தக் கட்டத்தில்?

2002 மே மாதம் நிறுவனத்தின் டிவி நிகழ்ச்சியான ஸ்மாக்டவுனில் டீக்கன் பட்டிஸ்டா என்ற பெயரில் வந்தார். ஒரு பாதிரியார் வேஷக்காரருக்கு அடியாள். உண்டியல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். அதில் ஒன்றும் தேறவில்லை. 2003 தொடக்கத்தில் டிரிபிள் ஹெச், ரிக் ஃப்ளேர், ராண்டி ஆர்ட்டனோடு 'எவலூஷன்' குழுவில் சேர்த்தார்கள். அதுதான் அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம். ஊர் ஊராகக் காரில் போகும்போதும் ஹோட்டலிலும் ஃப்ளேரும் டிரிபிள் ஹெச்சும் சொன்னதைக் கேட்டு, மேட்சின் வேகத்தை எங்கே குறைப்பது, எப்போது சும்மா நிற்பது என்று கற்றார்.

2005 பிப்ரவரி 21 ரா நிகழ்ச்சியின் எபிசோடை நாங்கள் எல்லோருக்கும் பரிந்துரைப்போம். ரம்பிளில் ஜெயித்த அவர், எந்தச் சாம்பியனோடு மோதப் போகிறார் என்று ரிங்கில் ஒப்பந்தம் போட வேண்டும். டிரிபிள் ஹெச்சும் ஃப்ளேரும் அவரை ஸ்மாக்டவுன் பக்கம் அனுப்பிவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள். மூன்று பேரும் எவலூஷனின் அடையாளமாகக் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். பட்டிஸ்டாவும் உயர்த்துகிறார். ஒரு கணம் கழித்து மெதுவாக அதைக் கவிழ்க்கிறார். ஒரு வசனம் இல்லை. டிரிபிள் ஹெச்சின் முகம் மாறுவதையும் கூட்டம் வெடிப்பதையும் பாருங்கள். பிறகு அவரைத் தூக்கி மேஜை மேல் போட்டு உடைக்கிறார். அந்த ஒரு கணத் தாமதத்தில் அவர் எவ்வளவு கற்றிருந்தார் என்பது தெரியும்.

ஏப்ரல் 3 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், நிறுவனத்தின் வருடாந்திரப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியா 21இல் டிரிபிள் ஹெச்சைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். 282 நாள் வைத்திருந்தார்.

சிறந்த மேட்ச் எது?

2007 ஏப்ரல் 1, டெட்ராய்ட், ரெஸில்மேனியா 23, அண்டர்டேக்கரோடு. 80,000க்கும் மேற்பட்ட கூட்டம். நிகழ்ச்சியின் நடுவிலேயே அதை வைத்துவிட்டதில் அவருக்கு வருத்தம் இருந்தது. கடைசி மேட்சாக வைத்திருக்கலாம் என்பதே எங்கள் எண்ணமும்.

ஏன் அவருக்கு அடிக்கடி தசை கிழிந்தது?

2003இல் டிரைசெப்ஸ், 2006 ஜனவரியில் மறுபடி டிரைசெப்ஸ் (பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று), 2008 கடைசியில் பின்தொடைத் தசை, 2009 ஜூனில் பைசெப்ஸ். அந்தக் கடைசிக் காயத்தால் புதிதாக வாங்கிய பட்டத்தை இரண்டே நாளில் விட்டார்.

பளுப்பயிற்சியில் தசை பெருக்கும் வேகத்துக்குத் தசைநாண் பலப்படுவதில்லை. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, வயது 35ஐத் தாண்டினால் இன்னும் விறைக்கும். ரிங்கில் 100 கிலோ உடம்பு எதிர்பாராத கோணத்தில் இழுக்கும்போது, பெரிய தசை சுருங்கும் விசையை எலும்போடு ஒட்டியிருக்கும் அந்த நாண் தாங்காமல் பிய்ந்துவிடும். அறுவை செய்து எலும்பில் திரும்பப் பொருத்தி, சில வாரம் அசையாமல் கட்டி வைத்து, பிறகு மெதுவாக மடக்கி நீட்டி, பழைய பளுவைத் தூக்க 4 முதல் 6 மாதம் வரை ஆகும். அவசரப்பட்டால் தைத்த இடத்திலேயே மறுபடி பிரியும். வருஷத்தில் 200 நாளைத் தாண்டிப் பயணத்திலேயே இருக்கிற தொழிலில் அந்தப் பொறுமை எளிதல்ல.

உச்சத்தில் இருந்தபோது 2010இல் ஏன் விலகினார்?

இரண்டு காரணங்களை அவரே சொல்லியிருக்கிறார். ஒன்று, நிகழ்ச்சியைக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றிய போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்று, வெளிப்படங்களில் நடிக்க நிறுவனம் இடம் கொடுக்கவில்லை.

போகும் முன் செய்த வில்லன் வேலைதான் ரிங்கில் அவருடைய மிகச் சிறந்த நடிப்பு. தன் மேல் மட்டும் ஒற்றை விளக்கு விழ வேண்டும் என்று கேட்டு, அந்த வெளிச்சத்தில் நின்று அலட்டாமல் பேசுவார். 2010 மே 23 அன்று சீனாவோடு "ஐ குவிட்" மேட்ச் ("விட்டுவிடுகிறேன்" என்று எதிராளியைச் சொல்ல வைத்தால்தான் வெற்றி). மறுநாள் சக்கர நாற்காலியில் வந்து, விலகுகிறேன் என்று அறிவித்துவிட்டுப் போனார்.

உடனே பட வாய்ப்பு வந்ததா?

இல்லை. இதைத்தான் பலர் தவறாக நினைக்கிறார்கள். நண்பர் ராப் வான் டாமுக்காக நடித்த சின்னப் படம் ஒன்றில் தன் நடிப்பு எவ்வளவு மோசம் என்று பார்த்த பிறகுதான், இதைச் சரியாகக் கற்க வேண்டும் என்ற வெறி வந்தது. நடிப்பு வகுப்பில் சேர்ந்தார். ஏறத்தாழ மூன்று வருஷம் வேலை கிடைப்பது அரிது. கையில் காசு தீர்ந்து கடன்பட்டார். 2012இல் 'தி மேன் வித் தி அயர்ன் ஃபிஸ்ட்ஸ்', 2013இல் 'ரிடிக்'. இரண்டிலும் உடம்புக்குத்தான் வேலை.

இடையில் 2012 அக்டோபர் 6 அன்று, 43 வயதில், ஒரே ஒரு நிஜ எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) சண்டையும் போட்டார். முதல் சுற்றில் வின்ஸ் லூசெரோவை ஜெயித்தார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

டிராக்ஸ் வேஷம் எப்படிக் கிடைத்தது? அந்த ஒப்பனை எவ்வளவு நேரம்?

இயக்குநர் ஜேம்ஸ் கன் பல சுற்றுத் தேர்வுக்குப் பிறகு அவரை எடுத்தார். செய்தி கேட்டு அழுதுவிட்டதாகப் பட்டிஸ்டா சொல்லியிருக்கிறார். படம் 2014 ஆகஸ்ட் 1 அன்று வந்து சுமார் 77 கோடி டாலர் வசூலித்தது.

முதல் படத்தில் ஒப்பனைக்குச் சுமார் 4 மணி நேரம். தலையிலும் உடம்பிலும் 18 துண்டுகளை ஒட்டி வண்ணம் பூச வேண்டும். சட்டை இல்லாத வேஷம் என்பதால் மறைக்க இடமே கிடையாது. உட்கார்ந்தால் முதுகுத் துண்டுகள் மடங்கும். அதனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை விரித்து நின்றபடியே இருந்தார். இப்படிப்பட்ட ஒட்டுகளில் தொல்லை கொடுப்பது ஓரங்கள். அக்குள், முழங்கை, கழுத்து என்று மடங்குகிற இடங்களில் வியர்வை சேர்ந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே ஒருவர் வந்து ஒட்டிவிட்டுப் போக வேண்டும். இரண்டாவது படத்தில் நேரத்தை 90 நிமிஷமாகக் குறைத்தார்கள். ஆனால் கழற்றுவதற்கு ஒவ்வொரு நாள் கடைசியிலும் அவர் நீராவி அறையில் உட்கார வேண்டியிருந்தது.

டிராக்ஸுக்கு உவமை புரியாது, எதையும் நேரடிப் பொருளிலேயே எடுத்துக்கொள்வான். சிரிப்பு வருவதற்குக் காரணம் பட்டிஸ்டா சிரிக்க வைக்க முயலாததுதான். கிண்டலே இல்லாத முகத்தோடு சொல்கிறார். குடும்பத்தை இழந்தவன் என்ற துக்கத்தை அந்த முகத்தின் அடியில் அவர் விடாமல் வைத்திருந்ததால்தான் 2023இல் வந்த மூன்றாவது படம் வரை அந்தக் கதாபாத்திரம் தாங்கியது.

2014இல் ரசிகர்கள் அவரைக் கூச்சலிட்டு விரட்டியது ஏன்?

அந்த ஜனவரியில் திரும்பி வந்த அவரை ராயல் ரம்பிளில் ஜெயிக்க வைத்தார்கள். கூட்டம் எதிர்பார்த்தது தங்கள் செல்ல வீரர் டேனியல் பிரையனை. கோபம் நிறுவனத்தின் மேல், விழுந்தது பட்டிஸ்டா மேல். ஏப்ரல் 6 அன்று நியூ ஆர்லியன்ஸில் ரெஸில்மேனியா 30 கடைசி மேட்சில் பிரையனின் பிடியில் தரையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். முன்னாள் சாம்பியன் ஒருவர் அத்தனை பேர் முன்னால் தட்டித் தோற்பது சாதாரணமல்ல. பிரையனின் வெற்றிக்கு முழு மதிப்பும் கிடைக்கட்டும் என்று அதைச் செய்தார். ஜூன் மாதம் மறுபடி கிளம்பினார்.

மல்யுத்தக்காரர் நடிகராக மாறும்போது எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும்?

எங்களிடம் வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான்.

விட வேண்டியதில் முதலாவது அளவு. அரங்கத்தின் கடைசி வரிசைக்காரனுக்கும் வலி தெரிய வேண்டும் என்று முகத்தையும் தோளையும் பெரிதாக ஆட்டிப் பழகியிருப்பார்கள். கேமரா இரண்டு அடியில் இருக்கும்போது அதே அசைவு தாங்க முடியாத மிகையாகத் தெரியும். பார்வையும் அப்படித்தான். ரிங்கில் 'ஹார்ட் கேம்' என்கிற நிலையான பிரதான கேமரா எந்தப் பக்கம் என்பதை எப்போதும் மனதில் வைத்து, முகத்தை அங்கே திருப்பக் கற்றுத் தருவார்கள். படப்பிடிப்பில் கேமரா இருப்பதையே மறக்க வேண்டும். ரிங்கில் ஊறிய பழக்கம் உடனே போகாது, புதிதாக வருபவர்கள் வசனத்தின் முக்கியமான இடத்தில் தன்னையறியாமல் லென்ஸ் பக்கம் திரும்பிவிடுவார்கள்.

குரல் இன்னொன்று. எதிரொலிக்கும் அரங்கத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, கூட்டத்தின் பதிலுக்குக் காத்திருந்து பேசுவார்கள். செட்டில் பதில் சொல்லக் கூட்டம் கிடையாது. காத்திருந்தால் காட்சி தொய்ந்துவிடும்.

ரிங்கில் ஒரே வாய்ப்பு. தப்பு நடந்தாலும் அதையே கதையாக்கிப் போய்விடலாம். படத்தில் ஒரே காட்சியைப் பத்து முறை எடுப்பார்கள். எந்தச் சொல்லில் கோப்பையை எடுத்தீர்களோ, ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் எடிட்டிங்கில் ஷாட்டுகள் ஒட்டாது. சண்டைக் காட்சியிலும் சிக்கல் உண்டு. நாலு பக்கமும் ஆள் பார்க்கிற ரிங்கில் அடி உண்மையிலேயே தொட வேண்டும். கேமரா ஒரே பக்கம் இருந்தால் குத்து ஓரடி தள்ளிப் போனாலும் பட்டது போலத் தெரியும். அதனால் மல்யுத்தக்காரர்களிடம் ஸ்டண்ட் குழுவினர் "நெருங்காதீர்கள்" என்று சொல்ல வேண்டியிருக்கும். 2015இல் வந்த 'ஸ்பெக்டர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பட்டிஸ்டாவோடு ரயில் சண்டைக் காட்சியில்தான் டேனியல் கிரெய்குக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டது.

வைத்துக்கொள்ள வேண்டியது எதிரில் இருப்பவர் மேல் உள்ள கவனம். ரிங்கில் எதிராளியின் மூச்சு, எடை எந்தக் காலில் இருக்கிறது, காயம் நடிப்பா நிஜமா என்று ஒவ்வொரு நொடியும் கவனிக்காவிட்டால் யாருக்காவது கழுத்து முறியும். நடிப்புப் பள்ளிகளில் வருஷக்கணக்கில் சொல்லித் தருகிற 'கேட்பது' அவர்களுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். பட்டிஸ்டாவின் பலம் அதுதான். மற்றவர் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

'பிளேடு ரன்னர் 2049'இல் வருவது சில நிமிஷம்தானே, ஏன் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள்?

அந்தச் சில நிமிஷத்துக்குப் பிறகுதான் இயக்குநர்கள் அவரை வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். 2017இல் வந்த படம். சாப்பர் மார்ட்டன் என்ற வயதான விவசாயி வேஷத்துக்கு அவர் இளமையாக இருக்கிறார் என்று இயக்குநர் டெனி வில்நெவ் முதலில் தயங்கினார். வயதைக் கூட்டும் ஒப்பனையோடு சோதனைக் காட்சி எடுத்த பிறகே சம்மதித்தார்.

அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்கிறது, பூண்டு வாசனை. அந்தப் பெரிய முகத்தில் ஒரு சின்னக் கண்ணாடி. தன்னைக் கொல்ல வந்தவனிடம் தணிந்த குரலில் பேசுகிறார். சுவரை உடைத்துப் போகும் சண்டை நடந்தாலும் மனதில் நிற்பது அந்த அலுப்புதான். அதைப் பார்த்துத்தான் எம். நைட் ஷியாமளன் 'நாக் அட் தி கேபின்' படத்துக்கு அவரை அழைத்தார். 2023இல் வந்த அந்தப் படத்தில் பக்கம் பக்கமாக வசனம். மரியாதையாகக் கதவைத் தட்டி, பயங்கரமான ஒன்றைக் கேட்கிற ஆசிரியர். அவர் உடம்பைப் பார்த்துப் பயப்படுகிறோம், குரலைக் கேட்டு இரங்குகிறோம்.

ராக், சீனா, பட்டிஸ்டா: மூவரில் யார் சிறந்த நடிகர்?

நட்சத்திரம் என்றால் ராக் என்கிற டுவெய்ன் ஜான்சன், சந்தேகமே இல்லை. நகைச்சுவையில் சீனாவுக்குத் தனி இடம். நடிகர் என்று கேட்டால் எங்கள் ஓட்டு பட்டிஸ்டாவுக்கு. அவர் தன்னை நட்சத்திரமாக அல்ல, நடிகராகவே பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி வருபவர். தேர்வுகளும் அப்படியே: 'டூன்' படத்தில் வெறிபிடித்த ரப்பன், 2022 'கிளாஸ் ஆனியன்'இல் அலட்டல் யூடியூபர், 2024 'தி லாஸ்ட் ஷோகேர்ள்'இல் கூச்ச சுபாவமுள்ள மேடை மேலாளர். இன்னொரு தகவல்: காமிக்ஸ் கதாபாத்திரமான பீஸ்மேக்கர் வேஷத்தை ஜேம்ஸ் கன் முதலில் பட்டிஸ்டாவுக்குத்தான் வைத்திருந்தார். அவர் ஸாக் ஸ்னைடரின் 'ஆர்மி ஆஃப் தி டெட்' பக்கம் போனதால் அது சீனாவுக்குப் போனது.

இப்போது ஏன் இவ்வளவு மெலிந்துவிட்டார்? உடம்பு சரியில்லையா?

நோய் இல்லை. 'நாக் அட் தி கேபின்' படத்துக்காக எடையைக் கூட்டி 315 பவுண்டு, அதாவது சுமார் 143 கிலோவுக்குப் போயிருந்தார். பிறகு படிப்படியாக இறக்கி 2024இல் 240 பவுண்டு (109 கிலோ) அளவுக்கு வந்ததாகச் சொன்னார். மற்ற நடிகர்கள் பக்கத்தில் நிற்கும்போது தான் மட்டும் மலை மாதிரி தெரிந்தால் கேமராவில் கவனம் சிதறுகிறது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மல்யுத்த காலத்தில் 6 அடி 6 அங்குலம், 290 பவுண்டு என்று அறிவிப்பார்கள். அறிவிக்கிற உயரத்தில் ஓரிரு அங்குலம் சேர்ப்பது அந்தத் தொழிலின் வழக்கம், டிரம்ப் கார்டை நம்ப வேண்டாம்.

மறுபடி ரிங்குக்கு வருவாரா?

2019 ஏப்ரல் 7, ரெஸில்மேனியா 35. டிரிபிள் ஹெச்சோடு மோதித் தோற்று, உடனே ஓய்வை அறிவித்தார். அந்த மேட்சில் அவருடைய மூக்கு வளையத்தைக் குறடு வைத்துப் பிடுங்கிய காட்சி உண்டு. இளகிய மனமுள்ளவர்கள் தாண்டிவிடலாம். தன்னை வளர்த்தவர் கையாலேயே கடைசி மேட்ச் முடிய வேண்டும் என்பது அவர் கேட்டு வாங்கியது. திரும்பி வந்தால் அந்த முடிவுக்கு மதிப்பில்லை என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் எதை முதலில் பார்ப்பது?

மேட்ச் என்றால் 2005 பிப்ரவரி 21 கட்டைவிரல் காட்சி, பிறகு ரெஸில்மேனியா 23, பிறகு 2010 வில்லன் காலத்துப் பேச்சுகள். படம் என்றால் 'கார்டியன்ஸ்' முதல் பாகம், 'பிளேடு ரன்னர் 2049' தொடக்கக் காட்சி, 'நாக் அட் தி கேபின்' என்ற வரிசை. 'ஸ்பெக்டர்' அடியாள் வேஷத்தை நேரம் இருந்தால் பார்க்கலாம், படம் முழுக்க ஒரே ஒரு சொல்தான் பேசுகிறார். சின்னக் குழந்தைகளோடு பார்ப்பதாக இருந்தால் 'ஆர்மி ஆஃப் தி டெட்', 'நாக் அட் தி கேபின்' இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.